வெள்ளைப் புடவை எப்போ போச்சு? – ஒரு விழுப்புரத்துக் கதை

வரலாறுன்னு எழுத உக்காந்தாலே ராஜா, கோட்டை, கல்வெட்டுன்னுதான் கை போகுது. செஞ்சிக் கோட்டையைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தத் தடவை கொஞ்சம் வேற மேட்டர். புடவை. அதுலயும் அறுபது வயசு தாண்டின பொம்பளைங்க கட்டுற புடவையோட கலர். சிரிக்காதீங்க, இதுக்குள்ளயும் சட்டம், கட்சி, சாமி, சாயம், பஸ்னு எல்லாமே இருக்கு :-)

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு அமாவாசை சாயங்காலம் நின்னு பாருங்க. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போற கூட்டம் அலைமோதும். அதுல பாதி பாட்டிங்கதான். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, கத்திரிப்பூ கலர்னு கண்ணைப் பறிக்கும். இதுல யாருக்கு வீட்டுக்காரர் இருக்கார், யாருக்கு இல்லைன்னு புடவையைப் பாத்துச் சொல்ல முடியாது. எழுபது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல நின்னிருந்தா தூரத்துல இருந்தே சொல்லியிருக்கலாம். வெள்ளையா இருந்தா முடிஞ்சுது கதை.

அந்த வெள்ளை எப்ப போச்சு, யார் போக வச்சாங்க? இதான் இன்னைக்குக் கேள்வி.

பழைய கணக்கு

கைம்மை நோன்பு நேத்து வந்ததில்லை. புறநானூறு 246-ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடினது. புருஷன் செத்த பிறகு வேளைக்கீரையும் பிழிஞ்ச சோறும் தின்னுக்கிட்டு, பாய் இல்லாம பரல் கல்லு மேல படுத்துக் கிடக்கறதை விட சிதை மேல்னு சொல்லிட்டுப் போற பாட்டு. வளையல் கழட்டறது, முடி மழிக்கறது எல்லாம் அந்தத் தொகுப்புலயே வேற பாட்டுகள்ல வருது.

பின்னாடி இது சாதிக்குச் சாதி மாறிச்சு. பிராமண வீடுகள்ல மொட்டை, நார்மடி. மத்த பல சாதிகள்ல மொட்டை கிடையாது. ஆனா தாலி, பூ, குங்குமம், கண்ணாடி வளையல் போய், வெள்ளைப் புடவை வந்துடும். சில சாதிகள்ல மறு கல்யாணம் சர்வ சாதாரணம். "அறுத்துக் கட்டுறது"ன்னு அதுக்குப் பேரே உண்டு. அதனாலயே அந்தச் சாதிகளைக் கீழாப் பேசினவங்களும் உண்டு, அது தனிக் கதை.

சீர்திருத்தக்காரங்க சும்மா இருக்கலை. 1856-ல விதவை மறுமணச் சட்டம் வந்துச்சு. 'தி ஹிந்து' பத்திரிகையை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-ல விதவையா இருந்த தன் பொண்ணுக்கே பம்பாயில மறுமணம் பண்ணி வச்சார். பெரியார் 1909-ல தங்கச்சி பொண்ணுக்குப் பண்ணி வச்சார். பதினோரு வயசுல விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1911-ல பட்டம் வாங்கி, சென்னை ஐஸ் ஹவுஸ்ல இளம் விதவைங்களுக்கு விடுதி நடத்தினாங்க. 1929 பிப்ரவரியில நம்ம பக்கத்து ஊரான செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, விதவை மறுமணத்தையும் பெண்களுக்குச் சொத்துரிமையையும் தீர்மானமாவே போட்டுச்சு. சொத்துல பொம்பளைக்கு முழு உரிமை சட்டமா வர 1956 ஆச்சு. 1975-ல தமிழ்நாட்டுல விதவை மறுமண உதவித் திட்டம், தர்மாம்பாள் அம்மையார் பேர்ல.

எல்லாம் பெரிய விஷயங்கதான், சந்தேகமே இல்லை. ஆனா ஒண்ணு கவனிங்க. மறுமணம், படிப்பு ரெண்டுமே சின்ன வயசுக்காரங்களுக்கு ஆனது. அறுபது வயசுல பேரன் பேத்தியோட இருக்கற ஒரு அம்மா மறுமணச் சட்டத்தை வச்சு என்ன பண்ணுவா? அவளுக்கு வேண்டியது ஒரு பச்சைப் புடவை. அதைக் கட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலை, கட்டலாம்னு எந்தச் சட்டமும் சொல்லலை. தெருதான் சொல்லிச்சு. தெருவுக்கு எந்தக் கோர்ட்ல அப்பீல் பண்றது?

சிவப்பு நம்ம ஊர்ச் சரக்கு

கலர்கள்லயே ரொம்ப 'ஆகாத' கலர் சிவப்பு. அது கல்யாணப் பொண்ணோட கலர், சுமங்கலியோட கலர். இத்தனைக்கும் சிவப்பு நம்ம கடலோரத்துச் சரக்கு. சோழமண்டலக் கரையில மணல்பாங்கான இடத்துல வளர்ற இம்பூறல் செடியோட வேர், அதான் சாயவேர். அதுல இருந்து எடுத்த சிவப்புலதான் இந்தப் பக்கத்துச் சாயத் துணியெல்லாம் கப்பல் ஏறி ஐரோப்பா போச்சு. வேரைத் தோண்டி, காய வச்சு, இடிச்சு, துணியை மாத்தி மாத்தி நனைச்சு எடுக்கற வேலை. 1869-க்கு அப்புறம் செயற்கை அலிசரின் விற்பனைக்கு வந்ததும் சாயவேருக்கு மவுசு போச்சு, சிவப்பு விலை குறைஞ்சுது. அப்புறம் பாலியஸ்டர் வந்தப்போ சாயம் போகாத சிவப்பு கூலிக்காரங்க கைக்கும் எட்டிச்சு.

ஆக, 1970-கள்ல காசு ஒரு தடையே இல்லை. தடை வேற.

மேல்மருவத்தூர்

திண்டிவனத்துல இருந்து சென்னை போற ஜி.எஸ்.டி. ரோட்டுல, அச்சிறுபாக்கம் தாண்டினா மேல்மருவத்தூர். ஆதிபராசக்தி சித்தர் பீடம். பங்காரு அடிகளார் 2023 அக்டோபர் 19-ல காலமானார்; அதுக்கு முன்னாடி 2019-ல பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் மேல, அந்த இயக்கத்து மேல ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். எனக்கு இங்க பக்தி பேச உத்தேசம் இல்லை. புடவை பேசத்தான் வந்தேன்.

அங்க ரெண்டு விஷயம் வித்தியாசம். ஒண்ணு, பொம்பளைங்க கருவறைக்குள்ள போய் தாங்களே பூஜை பண்ணலாம். வீட்டு விலக்கு நாள்னு தடை இல்லை, விதவைன்னும் தடை இல்லை. ரெண்டாவது, எல்லாருக்கும் செவ்வாடை. ஆம்பளை பொம்பளை, ஏழை பணக்காரன், தாலி இருக்கறவ இல்லாதவ, எல்லாருக்கும் ஒரே சிவப்பு. ஊருக்கு ஊர் வார வழிபாட்டு மன்றம் வந்துச்சு. தைப்பூசத்துக்கு முன்னாடி சக்தி மாலை போட்டு இருமுடி கட்டிப் போற சீசன்ல இன்னைக்கும் எக்ஸ்பிரஸ் ரயில்களை அங்க ஸ்பெஷலா நிறுத்தறாங்க.

இதுல எனக்குப் பட்ட சூட்சுமம் இதுதான். விதவை ஒருத்தி தனியா சிவப்புக் கட்டிக்கிட்டு தெருவுல நடந்தா ஊரு வாயில விழுவா. நூறு பேர் ஒரே சிவப்புல போனா? அதுல யாரு விதவைன்னு எவன் எண்றது? கேட்டாலும் "அம்மா சொல்லிட்டாங்க"ன்னு ஒரே பதில். தெருவோட தீர்ப்புக்கு மேல அப்பீல் பண்ண ஒரு கோர்ட் கிடைச்சுடுச்சு.

எங்க ஆயா

(எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் சொல்லுவோம்.) எங்க ஆயா 1953-ல தாத்தா போனப்போ வெள்ளை கட்டினாங்க. அப்போ வயசு 31. மல்லாட்டை உடைக்கற கூலிக்குப் போய் மூணு பிள்ளைங்களை வளத்தாங்க. 1986-ல தெருப் பொம்பளைங்களோட மருவத்தூர் மன்றத்துல சேந்தாங்க. 64 வயசுல, 33 வருஷம் கழிச்சு, செவப்புப் பொடவை.

வீட்ல பெரிய ரகளை. "இந்த வயசுல செவப்பு கேக்குதா?"ன்னு சொந்தக்காரங்க பேசினது எனக்கு இன்னும் காதுல இருக்கு. ஆயா ஒண்ணும் சண்டை போடலை. "நானா கட்டறேன்? ஆத்தா கட்டச் சொல்லுது"ன்னு ஒரே வரி. அதுக்கு மேல யாராலயும் பேச முடியலை.

மாலை கழட்டின பிறகு திரும்ப வெள்ளைக்கு வரணும்ல? வரலை! முதல்ல மன்றத்துக்குப் போற நாள்ல மட்டும் சிவப்பு. அப்புறம் வீட்லயும் சிவப்பு. அப்புறம் ஒரு தீபாவளிக்கு நேருஜி ரோட்டுக் கடையில தானே போய் மயில் கழுத்துக் கலர்ல ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க. மருவத்தூருக்கும் மயில் கழுத்துக்கும் சம்பந்தமே கிடையாது. யாரும் கேக்கவும் இல்லை. பழகிப் போச்சு. சீருடைதான் முதல்ல கதவைத் திறந்துச்சு, சொந்த ரசனை பின்னாடியே நுழைஞ்சுடுச்சு.

கூடவே கால்ல சக்கரம். வெள்ளைப் புடவைக்காரி எதிர்ல வந்தா சகுனம் பாக்கற ஊர்ல, அதுவரை ஆயா விடியற நேரத்துல வெளிய கிளம்பினதே இல்லை. கலர் வந்த பிறகு தயக்கம் போச்சு. கோலியனூர் புத்துவாய் அம்மன், திருவாமாத்தூர், மயிலம், திண்டிவனத்துல திந்திரிணீஸ்வரர் கோயில்னு சுத்தல்தான். (திந்திரிணின்னா புளிய மரம், புளியங்காடுதான் திண்டிவனம் ஆச்சுன்னு சொல்லுவாங்க.) லீவு நாள்ல நானும் ஒட்டிக்குவேன். அப்ப ஓடின பஸ் எல்லாம் விழுப்புரத்தைத் தலைமையா வச்சு 1975-ல ஆரம்பிச்ச தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்து பஸ். 1997-ல தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்துட்டாங்க. செவ்வாடை கட்டின அம்மாமாருங்க பெரியார் பேர் எழுதின பஸ்ல மருவத்தூர் போன காலம் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேரும் விதவைங்க விஷயத்துல ஒரே ரூட்லதான் போனாங்கன்னு எனக்குத் தோணும்.

ஒரு தடவை பனமலை போனோம். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கோயில், 8-ஆம் நூற்றாண்டு. சுவர்ல பார்வதி ஓவியம் மிச்சம் இருக்கு. தலையில கிரீடம், மேல குடை. நிறைய அழிஞ்சு போச்சு. ஆயா கிட்டப் போய் ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஆயிரம் வருசமாகியும் இந்தம்மா கலரு முழுசா போவல பாருடா"ன்னாங்க. எனக்கு ஓவிய வரலாறு அங்க ஆரம்பிச்சதுதான்.

ஒரு நாள் வெள்ளை

நம்ம பக்கத்துக் கூவாகம் எல்லாருக்கும் தெரியும் (2019-க்கு அப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம்). சித்திரையில கூத்தாண்டவர் கோயில்ல திருநங்கைங்க அரவானுக்குத் தாலி கட்டிக்குவாங்க. மறுநாள் அரவான் களப்பலி. தாலி அறுத்து, வளையல் உடைச்சு, ஒப்பாரி வச்சு, வெள்ளை கட்டுவாங்க. ஊர் திரும்பின பிறகு மறுபடி கலர்தான். வயசான திருநங்கைங்க பட்டும் பூவுமா விழுப்புரம் கடைத்தெருவுல நடக்கறதை அந்த வாரம் முழுக்கப் பாக்கலாம். வெள்ளைக்குள்ள போய் வெளிய வர அவங்களுக்கு ஒரு வழி சடங்குலயே இருக்கு. எங்க ஆயாவுக்கு அந்த வழி கிடைக்க 33 வருஷம் ஆச்சு.

வெளிநாட்டுலயும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவுல 1998-ல 'ரெட் ஹேட் சொசைட்டி'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 50 வயசு தாண்டின பொம்பளைங்க சிவப்புத் தொப்பியும் ஊதா டிரெஸ்ஸுமா கூட்டமா ஊர் சுத்தப் போவாங்க. 2008-ல நியூயார்க்ல ஒருத்தர் தெருவுல போற வயசானவங்க உடையைப் படம் பிடிச்சு 'அட்வான்ஸ்டு ஸ்டைல்'னு போட ஆரம்பிச்சார், உலகமே பாத்துச்சு. அங்கயும் கூட்டமாப் போறப்பதான் தைரியம் வருது பாருங்க. ஆனா அவங்க பயந்தது வயசானா யாரும் நம்மளைக் கண்டுக்க மாட்டாங்களேன்னு. இங்க பயந்தது எல்லாரும் பாப்பாங்களேன்னு.

கோடி

ஆயா 2004-ல போனாங்க, 82 வயசு. எங்க வழக்கத்துல சாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரணும். விதவைக்கு வெள்ளைக் கோடி. வந்துச்சு, வெள்ளையாதான் வந்துச்சு. மன்றத்து அம்மாங்க செவப்பு எடுத்துட்டு வந்திருந்தாங்க. பெரியவங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. அரை மணி நேரம் பிணத்தைப் போட்டுட்டுப் பேச்சு. கடைசியில எங்க அத்தை, அதாவது ஆயாவோட மூத்த பொண்ணு, யார்கிட்டயும் கேக்காம உள்ள போய் பீரோவுல இருந்து அந்த மயில் கழுத்துக் கலர் புடவையை எடுத்துட்டு வந்து போத்திட்டாங்க. வெள்ளைக்கோடி கால்மாட்டுல மடிச்ச மடிப்பு கலையாம இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் பேசலை.

அத்தைக்கும் இப்ப வயசாச்சு, அவங்களும் தனி ஆள்தான். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதுல இருந்து வீட்ல ஆளே கிடைக்கறதில்லை. போன் பண்ணா கண்டமங்கலம்ங்கறாங்க, விக்கிரவாண்டிங்கறாங்க. கட்டறது நல்ல பளிச் கலரு. அவங்க வெள்ளை கட்டவே இல்லை, கட்டணும்னு வீட்ல யாருக்கும் தோணவும் இல்லை.

உங்க வீட்லயும் ஏதோ ஒரு வருஷத்துல யாரோ ஒருத்தர் முதல்ல வெள்ளையை விட்டிருப்பாங்க. பழைய போட்டோவுல தெரியாது, எல்லாம் கறுப்பு வெள்ளை. பெரியவங்க இருக்கும்போதே கேட்டு, வருஷத்தோட எழுதி வச்சுடுங்க. எந்தக் கலர்னும் சேத்து.