எட்டு வாரக் கணக்கும் ஒரு மனிதனின் வேலையும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். வெட்டு முடிந்ததும் பாலை நிறுப்பதற்காகத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். இன்று ஒருவருக்குப் பால் அதிகம். நாளை அவருக்கே குறைவு. மழை பெய்திருக்கலாம், மரம் இலை உதிர்க்கும் காலமாக இருக்கலாம். ஆகையால், ஒரு நாள் பாலை மட்டும் வைத்து, 'இவர் வேலை தெரியாதவர்' என்று அனுபவமுள்ள கங்காணி சொல்லமாட்டார்.

ஒரு நாள் போதாது, சரி. பத்து நாள் போதுமா? இருபது நாள் வேண்டுமா? எத்தனை நாள் பார்த்தால் ஒரு மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய சில அறிஞர்களின் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இதில் எனக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பட்டணத்துக் கம்பெனி ஒன்றில் பிஸ்கட் விற்பனையாளனாகச் சேர்ந்தான். கடை கடையாகச் சென்று பெட்டிக் கணக்கில் விற்கும் வேலை. எட்டு வாரம் முடிந்ததும் அவனை நிறுத்திவிட்டார்கள். வாரத்துக்கு 29 பெட்டி என்பது அங்கே விதித்த அளவு. இவனுடைய சராசரி 25. அவன் ஒரு சிறு நோட்டோடு என் வீட்டுக்கு வந்தான். "சார், எனக்கு உண்மையிலேயே விற்கத் தெரியவில்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு வாயால் ஆறுதல் சொல்லலாம். ஆனால், நேர்மையான விடை கணக்கில்தான் இருந்தது.

நோட்டில் இருந்த எண்கள் இவை: 22, 30, 18, 26, 34, 20, 28, 22. தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200; சராசரி 25. ஆனால், ஒரு வாரம் 18, மற்றொரு வாரம் 34 என்று எப்படி ஏறி இறங்குகிறது பாருங்கள்! இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் அளவுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். இங்கே அது ஏறக்குறைய 5.45. அதை எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.93 வரும். சராசரி தற்செயலாக எவ்வளவு தள்ளாடக்கூடும் என்பதை இது காட்டும். இதைத் திட்டப் பிழை என்பார்கள்.

அறிஞர்கள் கையாண்டு வந்த பழைய முறை, திட்டப் பிழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 1.96 மடங்கு, இருபுறமும் விட்டுப் பார்ப்பது. நூற்றுக்கணக்கான அளவுகள் கையில் இருந்தால் இது சரியே. எட்டே எட்டு அளவுகள் இருந்தால்?

இந்தக் கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்டவர் வில்லியம் சீலி கோசெட். 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் இரசாயனமும் கற்று, 1899ஆம் ஆண்டு டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் மதுவாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லியையும் ஹாப்ஸ் பூவையும் சோதிக்கும் அங்கே, ஆயிரம் சோதனை செய்ய நேரமும் இல்லை, நிலமும் இல்லை. கையில் கிடைப்பவை சில எண்களே. அவற்றைக் கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம்?

அவர் செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். 3,000 குற்றவாளிகளின் உயரமும் நடுவிரல் நீளமும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. அவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 சிறு கூட்டங்களாக்கினார். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால்! சிறு கூட்டங்களின் சராசரி, பழைய முறை சொல்வதைவிட அதிகமாகத் தள்ளாடும் என்று அவர் கணித வழியில் கண்டது, இந்த அட்டைகளோடு ஒத்துப்போனது. 1908ஆம் ஆண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் அனுமதிக்காததால், 'ஸ்டூடன்ட்', அதாவது 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதினார். ஆசிரியனாகிய எனக்கு அந்தப் பெயரில் தனிப் பிரியம் உண்டு.

இனி, நம் கணக்குக்கு வருவோம். பழைய முறைப்படி 1.93ஐ 1.96ஆல் பெருக்கினால் 3.8 வரும். 25க்கு இருபுறமும் அதை விட்டால், 21.2 முதல் 28.8 வரை. விதித்த அளவாகிய 29 வெளியே நிற்கிறது, பையன் தோற்றான். ஆனால், எட்டு எண்களுக்கு 'மாணவன்' வழியில் வந்த அட்டவணை 2.365 மடங்கு விடச் சொல்கிறது. அப்போது வீச்சு 20.4 முதல் 29.6 வரை விரிகிறது. 29 உள்ளே வந்துவிடுகிறது! 29 பெட்டி விற்கக்கூடிய ஒருவனுக்கும், வெறும் தற்செயலால் இப்படி எட்டு வாரம் அமையக்கூடும் என்பது இதன் பொருள்.

அந்த அட்டவணையை இன்றைய வடிவுக்குச் செப்பனிட்டவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு சேர்ந்து, 1925ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்களுக்கான புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். 1935ஆம் ஆண்டு வந்த அடுத்த நூலில் ஒரு தேநீர்க் கதை வருகிறது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று சுவைத்தே சொல்லமுடியும் என்கிறார் ஓர் அம்மையார். எட்டுக் கோப்பை, நான்கு ஒருவிதம், நான்கு மறுவிதம். நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. முழுவதும் சரியானது ஒன்றே. 'அம்மையாருக்கு அந்தத் திறமை இல்லை' என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதுவே கருதுகோள். அவர் எட்டையும் சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தால் அது நடக்க 70இல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே, கருதுகோளைக் கைவிடலாம். இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பைப் பொருட்படுத்தத்தக்கது என்று கொள்ளும் வழக்கம் ஃபிஷரால் பரவியது.

ஆனால், தீர்ப்பு இரண்டு விதத்தில் தவறலாம் அல்லவா? குற்றமற்றவனைத் தண்டிப்பது ஒன்று. குற்றவாளியை விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து எடைபோடும் முறையை, ஜெர்சி நெய்மன், இகான் பியர்சன் ஆகிய இருவரும் 1933ஆம் ஆண்டு வெளியிட்டனர். நாம் சற்றுமுன் கண்ட வீச்சுக்கு 'நம்பிக்கை இடைவெளி' என்ற கருத்தைத் தந்தவரும் நெய்மன்தான். 1934இல் லண்டனில் அறிமுகப்படுத்தி, 1937இல் விரித்து எழுதினார். ஃபிஷருக்கு இவற்றில் உடன்பாடு இல்லை. அவர்களுக்குள் நெடுங்காலம் கடும் சர்ச்சை நடந்தது.

நம்பிக்கை இடைவெளியை ஒரு வலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூறு முறை வீசினால் ஏறக்குறைய 95 முறை உண்மையான அளவு அதற்குள் அகப்படும். இந்த ஒரு வீச்சில் அகப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. நம்பிக்கை, வலை பின்னிய முறையின் மேல்தான்.

அப்படியானால் என் மாணவன் திறமைசாலி என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. 29 வலைக்குள் இருப்பதுபோல 21உம் இருக்கிறது. எட்டு வாரம் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதே உண்மை. இதே சராசரியும் இதே ஏற்ற இறக்கமும் 32 வாரம் நீடித்திருந்தால், இடைவெளி 23க்கும் 27க்கும் நடுவே சுருங்கியிருக்கும். அப்போது 29 தெளிவாக வெளியே நிற்கும். 'தம்பி, நீ அந்த அளவை எட்டவில்லை' என்று நானே சொல்லியிருப்பேன். நான்கு மடங்கு வாரங்கள் சேர்ந்தால் வலையின் அகலம் ஏறக்குறையப் பாதியாகும். பொறுமைக்குக் கணக்குத் தரும் பரிசு அது.

இன்னொன்றும் உண்டு. வித்தியாசம் உண்மை என்று உறுதியானாலும், காரணம் என்ன என்பதைக் கணக்குச் சொல்லாது. கிழட்டு மரங்கள் நிறைந்த நிரையைக் கொடுத்துவிட்டு, பால் குறைகிறது என்று ஒருவரைக் குறை சொல்லலாமா? சம்பளம் போட்ட வாரத்தில் ஓடும் வியாபாரம் மற்ற வாரங்களில் ஓடுமா? இந்தச் சோதனையின் ஒற்றை எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் எச்சரித்தது.

அந்த இரவு, நானும் அவனும் மேசை விளக்கடியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வேலை திரும்பி வரவில்லை. ஆனால், "எனக்குத் தெரியாது என்று முடிவாகவில்லை, அப்படித்தானே சார்?" என்று கேட்டுவிட்டு, நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

நேயர்களே, பிள்ளையின் ஒரு தேர்வுத் தாளை, ஒரு தொழிலாளியின் ஒரு மாதக் கணக்கைக் கையில் எடுக்கும்போது, தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது தற்செயலாகவும் நடந்திருக்கக்கூடுமா? மதுவாலையில் இருந்து 'மாணவன்' நமக்குக் கற்றுத் தந்த பாடம் அதுதான்.