லூனாஸ் திடலும் பத்திரிகைப் பக்கமும்

கூலிமுக்கும் பழைய வெல்லெஸ்லி மாகாணத்தின் எல்லைக்கும் இடையே, பால்மரக் காடுகளின் மத்தியில் வளர்ந்த லூனாஸ் என்னும் சிறு பட்டணத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கங்காணியையும் கள்ளுக்கடையையும் கோயில் திருவிழாவையும் வேண்டுமட்டும் வர்ணிப்பார்கள். விளையாட்டென்று வந்தாலோ, மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் பந்துதைத்த ஆண்பிள்ளைகள் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தென்படுவார்கள். அதே விடியற்காலையில் அதே மரங்களை வெட்டி, பால் வாளிகளைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் விரைந்து நடந்த பெண்களுக்குக் கால்வலிமை குறைவா? 1920களின் பிற்பகுதியில் கடலோரத் தோட்டங்களுக்கு நிர்ணயமான நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலியில் நேர்ந்த அந்தப் பேதம் பொழுதிலும் நேர்ந்தது. வேலை முடிந்த ஆணுக்குத் திடல் காத்திருந்தது, பெண்ணுக்கோ ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த குழந்தையும் லயத்து அடுப்பும் காத்திருந்தன. அவள் மகள் தமிழ்ப்பள்ளியின் வருடாந்தரப் போட்டியில் ஓடிப் பரிசு வாங்கினாலும், ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றபோது ஓட்டமும் நின்றது.

ஓடியும் பயனில்லை, எழுதுகிறவர் ஒப்பவேண்டும் என்பதற்கு உலக சரித்திரத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுயே ஹிதோமி இரண்டாமவராக வந்தார். இறுதியோட்டத்தில் இறங்கிய 9 பெண்களும் எல்லையைத் தொட்டார்கள். பத்திரிகைகளோ, பாதி வழியில் நின்றவர்களும் மயங்கி விழுந்தவர்களும் பலரென்று எழுதின. ஓடியவர் 11 பேர் என்று கணக்குச் சொன்ன நிருபரும் இருந்தார். மூச்சிரைத்துப் புல்லில் சாய்ந்த ஆணை வீரனென்று வர்ணித்த அதே பேனா, அவ்வாறே சாய்ந்த பெண்ணை அபலையென்று வர்ணித்தது. அதன் விளைவாக அவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்தே அகற்றப்பட்டு, 1960இல் ரோமில்தான் மீண்டும் இடம்பெற்றது. முப்பத்திரண்டு வருஷங்கள்! ஒரு தலைமுறைப் பெண்களின் கால்களை ஒரு பொய்ச் செய்தி கட்டிப்போட்டதை நினைக்கையில் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அந்தக் கட்டு அவிழ்ந்த சிறிது காலத்தில் நம்மவர் ஒருவர் ஓடவந்தார். தாப்பாவில் பிறந்த எம். இராஜமணி, பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் பெயரால் அதில் ஓடி, 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே தூரத்தில் தங்கம் பெற்றார். அதே பாங்காக்கில் மூன்று தங்கம் வென்றவர், மருத்துவ மாணவராக ஓட்டத்தில் பெயரெடுத்த மணி ஜெகதீசன். அவ்வருஷம் தொடங்கிய தேசிய விளையாட்டு விருதில் முதல் வீரர் இவர், முதல் வீராங்கனை அவர், இருவரும் தமிழர். ஆயினும் 'பறக்கும் டாக்டர்' என்ற பட்டம் ஜெகதீசனுக்கு நிலைத்ததுபோல் நாவிலே நிலைக்கும் பட்டம் எதுவும் இராஜமணிக்கு வாய்க்கவில்லை. ஜெகதீசனின் புகழ் முற்றிலும் நியாயமானது. இராஜமணிக்கு உரிய பங்கையே நான் கேட்கிறேன்.

கல்லூரி விளையாட்டைப் பெரும் வியாபாரமாக்கிய அமெரிக்காவிலும் இதே கதைதான். 1972இல் சட்டம் வந்து பெண்களுக்குக் கல்லூரித் திடலைத் திறந்துவிட்டது. பத்திரிகையையும் தொலைக்காட்சியையும் எந்தச் சட்டமும் திறக்கவில்லை. 1989 முதல் முப்பது வருஷம் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்திகளை அளந்துவந்த ஆய்வாளர்கள், பெண்களுக்குக் கிடைத்த நேரம் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்தே என்று கண்டார்கள். 2021இல் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்கு விசாலமான உடற்பயிற்சிக்கூடமும் பெண்களுக்குச் சில எடைக்கற்களும் கொடுக்கப்பட்டதை, செடோனா பிரின்ஸ் என்ற மாணவி தம் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டிய பிறகே உலகம் அறிந்தது. மூன்று வருஷம் கழித்து, 2024இல், பெண்கள் இறுதியாட்டத்தை அந்நாட்டில் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்க்க, ஆண்கள் ஆட்டத்தைச் சுமார் 1 கோடியே 48 லட்சம் பேரே பார்த்தார்கள். பார்ப்பாரில்லை என்று பத்திராதிபர்கள் நெடுங்காலம் சொல்லிவந்த சமாதானம் அன்றோடு செல்லாக்காசாயிற்று.

அந்த அமெரிக்கக் கல்லூரித் திடலுக்கு நம் கெடாவிலிருந்தும் ஒரு பெண் போனார். லூனாசுக்கு வடக்கேயுள்ள சுங்கை பட்டாணியில் 1999இல் பிறந்த எஸ். சிவசங்கரி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் ஸ்குவாஷ் அணிக்கு ஆடினார். 2022இல் கார் விபத்தில் படுகாயமுற்றுப் படுக்கையில் கிடந்தவர், மறுவருஷமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2024இல் லண்டனில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை வீழ்த்திப் பட்டம் பெற்றபோது, அவர் பெயரை எழுதாமலிருக்கப் பத்திரிகைகளால் இயலவில்லை.

ஆனால் சிவசங்கரிக்கு முந்தியவர்கள்? பால்மரம் போய்ச் செம்பனையும், பக்கத்துக் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் வந்துவிட்ட இந்நாளில், 1960களில் பள்ளித் திடலில் ஓடிய பெண்கள் பாட்டிமாராகி நம்மிடையே இருக்கிறார்கள். பழைய தகரப்பெட்டிகளில் அவர்களுடைய நற்சான்றுப் பத்திரங்களும், மங்கிய குழுப்படங்களும், யாரோ வெட்டிவைத்த ஓரிரு நாளிதழ்த் துண்டுகளும் கிடைக்கக்கூடும். தோட்டச் சரித்திரம் எழுத முனையும் லூனாஸ் இளைஞர்கள் கங்காணியின் பேரனைக் காணப் போவதற்கு முன்பு, அந்தப் பாட்டிமார் எந்தப் பள்ளியில், எந்த வருஷம், எத்தனை மீட்டர் ஓடினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.