புதுநாடு நிறுவும் முயற்சிகள்

புதுநாடு நிறுவும் முயற்சிகள் என்பன, இருக்கும் அரசுகளின் வரிக்கும் சட்டத்திற்கும் உட்படாத தனி ஆட்சிப் பகுதிகளைத் தனிமனிதர்களோ நிறுவனங்களோ உருவாக்க முனைவதைக் குறிக்கும். இவற்றுள் பல லிபர்டேரியனியம் என்னும் அரசியற் கொள்கையிலிருந்து தோன்றியவை. தனிச்சொத்து, விருப்ப ஒப்பந்தம் ஆகியவற்றை முதன்மைப்படுத்தி, அரசின் பணியை மிகக் குறைக்க வேண்டும் என்பது இக்கொள்கையாகும்.

சட்ட நிலை

நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் தகுதி ஆகிய நான்கும் ஒரு நாட்டிற்கு வேண்டும் என 1933 ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை கூறுகிறது. உரிமை கோரப்படாத நிலம் உலகில் ஏறத்தாழ இல்லை. கடலில் கட்டலாம் என்றால், செயற்கைத் தீவுகளுக்குத் தீவு என்னும் தகுதி இல்லை என்று 1982 ஆம் ஆண்டின் ஐ. நா. கடற்சட்ட உடன்படிக்கை குறிப்பிடுகிறது.

வரலாறு

மைக்கேல் ஆலிவர் என்ற அமெரிக்க நிலவணிகரின் குழு, பசிபிக் பெருங்கடலின் மினர்வா பவளத்திட்டில் மணலைக் கொட்டி உயர்த்தி, 1972 ஜனவரியில் அதனைக் குடியரசாக அறிவித்தது. வரியும் அரசு மானியமும் இல்லாத நாடு என்பது திட்டம். அவ்வாண்டு ஜூனில் தொங்கா மன்னர் நேரில் சென்று கொடியை இறக்கினார். தொங்காவின் உரிமையை அண்டைத் தீவு நாடுகளும் ஏற்றன. அத்திட்டு அதற்கு முன்பே தொங்கா மீனவர்கள் சென்றுவந்த இடமாகும்.

2019 இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்பகுதியில் அமைந்த மிதவை வீட்டை அந்நாட்டுக் கடற்படை அகற்றியது. ஹொண்டுராஸின் ரோவத்தான் தீவில், 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையுடன் புரோஸ்பெரா என்னும் தன்னாட்சி நகரம் உருவானது. அருகிலுள்ள கிராஃபிஷ் ராக் மீனவக் கிராமத்தினர் தம் நிலம் பறிபோகும் என அஞ்சினர். 2022 இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியபோது, அந்நிறுவனம் ஏறத்தாழ 1,070 கோடி டாலர் இழப்பீடு கோரிப் பன்னாட்டு நடுவர் மன்றம் சென்றது. வரி வாங்கும் அரசை வெறுப்போர் அவ்வரிப்பணத்திலிருந்தே இழப்பீடு கேட்பது முரணாகும்.

கைலாசா

தமிழ்நாட்டுத் தொடர்புடையது, திருவண்ணாமலையில் பிறந்த நித்தியானந்தா 2019 இல் அறிவித்த 'கைலாசா' ஆகும். இது சமய அடிப்படையிலானது, லிபர்டேரியனியம் சார்ந்ததன்று. ஆயினும் வழிமுறை ஒத்தது. பாலியல் வன்கொடுமை வழக்கு நிலுவையிலிருக்க அவர் இந்தியாவை விட்டு வெளியேறினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துள்ளார். தாம் நிலம் எதுவும் வழங்கவில்லை என எக்குவடோர் அறிவித்தது. 2023 இல் அமெரிக்காவின் நியூவார்க் நகரம், கைலாசாவுடன் செய்த ஒப்பந்தத்தைச் சில நாட்களிலேயே இரத்து செய்தது. பொலிவியாவில் பாவுரே உள்ளிட்ட பழங்குடிகளின் நிலத்தை 1,000 ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் ஒப்பந்தங்கள் வெளிவந்ததை அடுத்து, 2025 இல் இக்குழுவினர் 20 பேர் நாடு கடத்தப்பட்டனர். அவ்வொப்பந்தங்கள் செல்லாதவை என அரசு அறிவித்தது.

அறச் சிக்கல்கள்

வரி மறுப்பு என்றதும் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் தமிழர் நினைவிற்கு வரலாம். அவரும் தம் குடிகளிடம் வரி வாங்கியவரே. ஆயினும் தம் பாளையத்தில் நின்று கும்பினியாரை எதிர்த்தார். புதுநாட்டினரோ பிறர் வாழும் கரையைத் தேடிச் செல்கின்றனர்.

விருப்ப ஒப்பந்தமே அடிப்படை எனில், தலைமுறைகள் கடந்த குத்தகைக்கு இன்றைய தலைவர் ஒருவரின் கையொப்பம் போதுமா என்பது முதற் கேள்வி. அங்கே பிறக்கும் குழந்தை எதிலும் கையொப்பமிட்டதில்லை. கூலி வேலைக்கு வருவோருக்கு முறையிட வேறு நீதிமன்றம் இராது. முயற்சி தோற்றால் நிறுவனர்கள் பழைய கடவுச்சீட்டுடன் தாய்நாடு திரும்பலாம். மீனவர்களுக்கு அக்கரை ஒன்றே உண்டு.