எடை என்னும் அபாயக் காரணி: சென்னைக் காசநோய் ஆய்வுகள், 1956 முதல் இன்றுவரை

காசநோய்ச் சிகிச்சை யாரிடம் தோற்கிறது? இக்கேள்விக்குத் தமிழ்நாட்டு ஆய்வுகள் தந்த விடைகள் காலந்தோறும் மாறியுள்ளன. நோயாளியின் உணவும் எடையும் அபாயக் காரணிகளின் வரிசையிலிருந்து ஒருகாலத்தில் ஏறக்குறைய நீங்கி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இடம்பிடித்தன. ஆய்வாளர்கள் எந்த விளைவை அளந்தார்கள் என்பதே இம்மாற்றத்தின் அடிப்படை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டிலுள்ள இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. அக்காலத்தில் முறையான சிகிச்சை என்றால் சானடோரியம்தான்: ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு. படுக்கைகளோ தேவையில் ஒரு சிறு பங்குக்கும் போதவில்லை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 190 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஐசோனியசிட், பாஸ் ஆகிய இரு மருந்துகளையும் ஓராண்டு கொடுத்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தனர். 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தனர்.

இதன் தொடர்ச்சியாக 1961இல் வந்த உணவு பற்றிய கட்டுரைதான் நம் விவாதத்துக்கு முக்கியமானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டனர், அவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் சளியில் கிருமி மறைவதிலோ நுரையீரல் புண் ஆறுவதிலோ அதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மருந்து சரியாகச் சென்றால் உணவு தீர்மானிக்கும் காரணி அல்ல என்ற முடிவு இங்கிருந்து பிறந்தது. கிருமியைப் பொறுத்தவரை அது சரி. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கு அது வாழ்வும் தந்தது. ஆனால் வீட்டுப் பிரிவினரைச் சுகாதாரப் பார்வையாளர்கள் தேடிச் சென்றார்கள். முன்னறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இந்த உழைப்பு முடிவோடு சேர்ந்து பரவவில்லை.

அதன்பின் கவனம் முழுவதும் மாத்திரை விழுங்கும் ஒழுங்கின்மேல் குவிந்தது. கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சென்னை மையமே 1960களில் சோதித்தது. 1990களில் அது டாட்ஸ் என்ற பெயரில் தேசியத் திட்டமாயிற்று.

அத்திட்டத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆராய்ந்தபோது, 2002இல் வெளியான கட்டுரையில் ஒரு பிளவு தெரிந்தது. பாதியில் சிகிச்சையை விட்டவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டவை ஆணாக இருத்தல், மதுப்பழக்கம், முன்பே சிகிச்சை பெற்றிருத்தல், மருந்தில் ஒழுங்கின்மை. இறந்தவர்களிடம் முன்னின்றதோ 35 கிலோவுக்கும் குறைந்த எடை. பாதியில் விடுவதும் இறப்பதும் 'பாதகமான விளைவு' என்ற ஒரே தலைப்பில் எண்ணப்பட்டாலும், அவற்றின் வேர்கள் வேறு. அதே மாவட்டத்தில் குணமான 503 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 62 பேருக்கு நோய் மீண்டது. அங்கே புகைபிடித்தலும் மருந்தெதிர்ப்பும் ஒழுங்கின்மையும் காரணிகளாயின.

ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வு எடையை மையத்துக்கே கொண்டுவந்தது. அதிலிருந்த 2,800 நோயாளிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் ஊட்டக்குறைவு உடையவர்கள். அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. முதல் 2 மாதங்களில் எடை 5% கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61% குறைவாக இருந்தது. உணவே உயிரைக் காத்தது என்று இதை மட்டும் வைத்து நிறுவ முடியாது. நோய் தணிந்தவருக்குப் பசியும் திரும்பும்.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த அறிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நோய் கண்டறிந்தவுடன் சுகாதாரப் பணியாளர் மிகக் கடுமையான ஊட்டக்குறைவு, மூச்சுத் திணறல், தாங்கலின்றி நிற்க இயலாமை ஆகிய மூன்றையும் பார்க்கிறார். ஆபத்தில் இருப்பவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். தொடக்க வாரங்களில் நேரும் இறப்புகளுக்கு இச்சல்லடை பொருந்துகிறது. திருவள்ளூர் ஆய்வுகள் சுட்டிய மதுவும் புகையும் இதில் சிக்குவதில்லை. சிகிச்சையைப் பாதியில் விடுவோரையும் நோய் மீள்வோரையும் முன்கூட்டியே அறிய வேறொரு சல்லடை வேண்டும்.