இலங்கையில் மின்வழங்கலும் அரசின் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்வெட்டு நேரும்போதெல்லாம் அதற்குரிய காரணமாக இயற்கையே முதலிற் சுட்டப்படுவது நம் நாட்டு வழக்கம். மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, ஆகவே விளக்குகள் அணைந்தன என்பர். இவ்விளக்கம் முழுப் பொய்யன்று. ஆயின் அரை உண்மையே. பருவமழை தவறுதல் இத்தீவுக்குப் புதிதன்று. வறண்ட வலயத்திலே பண்டைய அரசர் ஆயிரக்கணக்கான குளங்களைக் கட்டுவித்தமைக்கு, ஒரு பருவத்து மழையை மறு பருவத்துக்குச் சேமித்தாலன்றி வாழ்வில்லை என்ற அறிவே அடிப்படை. எனவே வரட்சி ஏன் வந்தது என்பதிலும், அது வருமென அறிந்திருந்தும் ஆயத்தம் ஏன் செய்யப்படவில்லை என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இலங்கையில் மின்சாரம் தனியார் வணிகமாகவே தொடங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பின் விளக்குகளும் டிராம் வண்டிகளும் ஒரு தனியார் கம்பனியின் கையிலிருந்தன. பணம் கொடுக்கக்கூடியவர்க்கு ஒளி, ஏனையோர்க்கு எண்ணெய் விளக்கு என்பதே அக்கால நியதி. 1927இல் மின்சார முயற்சிகளுக்கென அரச திணைக்களமொன்று நிறுவப்பட்டதோடு இந்நிலை மாறலாயிற்று. வணிகரிடம் பொருள் வாங்குபவன், கிடைக்காவிடின் வேறு கடைக்குப் போகலாம். அரசே ஏகபோகமாக வழங்கும் பொருளுக்கு வேறு கடையில்லை. ஆகவே ஏகபோகத்தை ஏற்றபோதே அரசு கடமையையும் ஏற்றுக்கொண்டது எனல் பொருந்தும்.

அக்கடமை எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதற்கு லக்சபானத் திட்டத்தின் வரலாறு தக்க சான்று. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்திலே, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாடு முழுமைக்கும் மின்சாரம் பெறலாமென ஆய்வுரையொன்றை முன்வைத்தார். 1924இல் வேலைகள் ஆரம்பிக்கப்பட்டன, பின்னர் நிறுத்தப்பட்டன. விமலசுரேந்திர 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் வாதாடினார். எனினும் 25 மெகாவாற்று வலுவுடைய முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது 1950இலேயே. ஆய்வுரைக்கும் ஒளிக்குமிடையே 32 ஆண்டுகள் கழிந்தன. மலையும் நீரும் அறிவும் இருந்தன. முடிவெடுக்கும் உறுதியே இருக்கவில்லை.

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. மகாவலித் திட்டத்தின் பயனாக 1980களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய பெரு நிலையங்கள் எழுந்தன. இவை பெருஞ்சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1990களின் முற்பகுதியில் நாட்டின் மின் உற்பத்தியிற் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டது மழையையே நம்பியிருந்தது. தேவையோ ஆண்டுதோறும் பெருகியது. பெரிய அனல்மின் நிலையமொன்றை அமைப்பது பற்றிய யோசனைகள் இடத்துக்கு இடமாகவும் ஆட்சிக்கு ஆட்சியாகவும் ஒத்திவைக்கப்பட்டன. 1996இல் மழை தவறியதும் நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரை நாடு இருண்டது. 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் முதற்பகுதி இயங்கியது 2011இலேதான். இடைக்காலத்தில் அவசரத்தின் பேரில் வாங்கப்பட்ட டீசல் மின்சாரத்தின் விலையை மக்களே செலுத்தினர்.

மின்சாரம் உற்பத்தியானால் மட்டும் போதாது. அது யாரைச் சென்றடைந்தது என்பதும் நோக்கற்பாலது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்த மலைச்சரிவுகளிலே தேயிலை கொய்தோர் மலையகத் தமிழர். மவுசாக்கலை நீரிலே பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. நீர் வற்றுங் காலங்களில் அதன் கோயிலும் பள்ளிவாசலும் வெளித்தெரியும். கொழும்புக்கு ஒளி தந்த அம்மலைகளின் லயன் அறைகளிற் பல தசாப்தங்களாகக் குப்பி விளக்கே எரிந்தது. தோட்டங்கள் தனியார் உடைமை என்ற சாட்டு, 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அவை அரசுடைமையான பின் எடுபடாது. எனினும் அதன் பின்னரும் அங்கு ஒளி விரைந்து வரவில்லை. வட பகுதியின் அனுபவம் வேறு வகையானது. 1990இற் போர் மீண்டும் மூண்டபின் லக்சபான மின்சாரம் யாழ்ப்பாணக் குடாநாட்டை எட்டவில்லை. மண்ணெண்ணெயும் அரிதாகிய அந்நாட்களில் ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்தே ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. 2009இற் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின்னரே குடாநாடு பொது மின்வலையமைப்புடன் மீள இணைக்கப்பட்டது. நாடு முழுவதும் இருளும்போது பேசப்படுவது நெருக்கடி; ஒரு பகுதி மட்டும் ஆண்டுக்கணக்கில் இருண்டு கிடக்கும்போது அது செய்தியாகவும் கருதப்படுவதில்லை.

2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. இம்முறை எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை என்பதே முதன்மைக் காரணம். இதனோடு கட்டண வரலாற்றையும் சேர்த்து நோக்கவேண்டும். 2014இன் பின் எட்டு ஆண்டுகளாக மின்கட்டணம் மாற்றப்படவில்லை. பின்னர் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. மின்சாரம் இலவசமாக வரமுடியாது. செலவை யாரேனும் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் எட்டு ஆண்டுகள் ஒத்திவைத்த சுமையை ஆறு மாதங்களில் ஏழைக் குடும்பங்களின் தலையிற் கவிழ்ப்பது திட்டமிடலாகாது. 2023இன் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சை நடைபெற்றபோதும் மின்வெட்டு தொடர்ந்தமையால், மனித உரிமைகள் ஆணைக்குழு உயர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

சட்டம் இங்கு என்ன கூறுகின்றது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, மக்கள் யாவர்க்கும் போதிய வாழ்க்கைத் தரத்தை உறுதிசெய்தலை அரசின் குறிக்கோள்களுள் ஒன்றாக்குகின்றது. ஆனால் 29ஆம் உறுப்புரையோ, அக்கோட்பாடுகளை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த இயலாதென்கின்றது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறிக்கின்றது. எனினும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு இட்டுச்சென்ற முடிவுகள் தொடர்பில் ஆட்சியின் உச்சத்திலிருந்த சிலர் பொது நம்பிக்கையை மீறினர் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அதிகாரம் மக்களின் சார்பிற் பேணப்படும் நம்பிக்கைப் பொறுப்பு என்ற இக்கருத்து, பொதுச்சேவைகளுக்கும் பொருந்துமாறு வளர்க்கப்படல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் நமது இருளின் வரலாறு பெரும்பாலும் ஒத்திவைப்பின் வரலாறே என்பது புலனாகும். 1924இன் வேலை, 1980களின் அனல்மின் யோசனை, 2014இன் பின்னான கட்டணம் என ஒவ்வொன்றும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தவர் ஒருவர், அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். எனவே மின்வெட்டு அட்டவணை வெளியாகும்போது எத்தனை மணித்தியாலம் எனக் கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எந்த முடிவு, எந்த ஆண்டில், யாரால் எடுக்கப்படாது விடப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்குரிய விடையைத் தேடி ஆவணப்படுத்துவது பல்கலைக்கழகத்தாராகிய நம் கடமையாகும்.