கதரின் விலை

தமிழில் நூல் என்ற சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூற் பாயிரம் புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகின்றது. வகுப்பிலே அப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் என் சிந்தனை கதர் இயக்கத்தின்பாற் செல்கின்றது.

1921 ஜூலை 31ஆந் திகதி பம்பாயில் அந்நியத் துணிகள் குவித்து எரிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில் மதுரையிலே காந்தியடிகள் அரைத்துண்டுக்கு மாறினார். இவற்றை நாம் அடிக்கடி நினைவுகூர்கின்றோம். ஆயினும், எரிப்பது ஒருநாள் வேலை. நூற்பதோ அன்றாட வேலை. அவ்வேலையைக் கவனிக்கவே 1925இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தோன்றியது. கிராமத்துப் பெண்கள் நூற்ற நூலுக்குக் கூலி கொடுத்து, அதனைத் தறியில் நெய்வித்து விற்பது அதன் பணி.

கதர்ப் பணிக்குப் பொருள் திரட்டவே 1927 நவம்பரில் அடிகள் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள் அவரை வரவேற்றனர். நம்மவர் கொடுத்த பணம் கடல்கடந்து முகமறியாத ஏழைகளின் இராட்டைக்குச் சென்றது.

ஆனால், நன்கொடையால் மட்டும் ஒரு கைத்தொழில் வாழாது. நூற்போரின் கூலி மிகச் சொற்பமாயிருப்பதை அடிகள் பொறுக்கவில்லை; அதை உயர்த்தவேண்டுமென வற்புறுத்தினார். கூலி உயர்ந்தால் கதரின் விலையும் ஏறும், வாங்குவோர் குறைவர் எனத் தொண்டர் சிலர் அஞ்சினர். அடிகள் இணங்கவில்லை. 1935இல் சங்கம் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. உழைப்பவளின் வயிற்றைக் காயவிட்டு மலிவாக விற்கும் துணி சுதேசித் துணியாகாது என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பாடம்.

நமது நாட்டின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிலே கைத்தறிகள் பெருகின. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிப் புடைவைகள் கடைகளை நிரப்பின; பல தறிகள் ஓய்ந்தன. சட்டம் காத்த தறியை நமது விருப்பம் காக்கத் தவறிவிட்டது. அப்படியிருந்தும் மருதமுனையிலே சாரமும் சேலையும் இன்றும் நெய்யப்படுகின்றன.

மேடையிலே கைத்தறியைப் புகழ்ந்துவிட்டு, கடையிலே சில ரூபாய் குறைவென்று வேறு துணியை எடுப்பது நம்மிற் பலரின் வழக்கம். வருகின்ற தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு கைத்தறி உடுப்பாவது வாங்குவோம். அதன் விலையில் நெய்தவருக்கு எவ்வளவு சேர்கின்றது என்பதையும் கடைக்காரரிடம் கேட்டறிவோம்.