தூக்கம் தரும் சளி மாத்திரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் லாரிச் சக்கரங்களின்மேல்தான் நடைபெறுகிறது எனலாம். உப்பிட்ட பச்சைத் தோல் வந்து சேர்வதும், பதனிட்ட தோலும் காலணிகளும் சென்னைத் துறைமுகம் செல்வதும் பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலை வழியாகவே. அதிலும் பெரும்பகுதி இரவில். மார்கழிப் பனியில் மூக்கு ஒழுகத் தொடங்கும் ஓட்டுநர் என்ன செய்வார்? சாலையோர மருந்துக் கடையில் வண்டியை ஓரங்கட்டி, "சளிக்கு இரண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்கள்" என்பார். காகிதத்தில் மடித்துத் தரப்படும் அந்த மாத்திரைகளுள் ஒன்று பெரும்பாலும் 'சி.பி.எம்.' என வழங்கும் குளோர்பெனிரமினாகவோ 'அவில்' ஆகவோ இருக்கும். இம்மாத்திரைகளுக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய இருவரும் 1910-இல் ஹிஸ்டமின் என்ற பொருளின் செயலை விளக்கினர். தும்மல், மூக்கில் நீர், அரிப்பு, தடிப்பு ஆகிய ஒவ்வாமைத் தொல்லைகளுக்கு இப்பொருளே பெருங்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக் கூடத்தில் டேனியல் போவே, ஆன்மேரி ஸ்டாப் ஆகியோர் 1937-இல் அதைத் தடுக்கும் முதல் சேர்மங்களைக் கண்டனர். போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் ரீவ்ஷல் உருவாக்கிய டைபென்ஹைட்ரமின், 1946-இல் 'பெனட்ரில்' என்ற பெயருடன் மருந்துக் கடைகளுக்கு வந்தது. சில ஆண்டுகளில் குளோர்பெனிரமினும் தொடர்ந்தது.

ஒவ்வாமைக்குப் பிறந்த மருந்து சளிக்கு எவ்வாறு வந்தது? 1940-களின் இறுதியில், தொடக்கத்திலேயே விழுங்கினால் சளி நின்றுவிடும் என்று சிலர் கூறினர், விற்பனை பெருகிற்று. ஆனால் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதித்தது. 1950-இல் வெளிவந்த முடிவு: சளியைக் குணப்படுத்துவதில் இம்மருந்துகளால் பயன் இல்லை! சளிக்குக் காரணம் வைரஸ் அல்லவா? பழைய மாத்திரை மூக்கைச் சற்று உலர்த்துவது உண்மையே. ஆனால் அது ஹிஸ்டமினைத் தடுப்பதால் அன்று. சுரப்பிகளை இயக்கும் நரம்புச் செய்தியையும் மறிப்பதால் நேர்வது. வாய் உலர்வதும் அதனால்தான்.

இனித் தூக்கத்துக்கு வருவோம். பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இல் விலங்குகளின் இரத்தத்தில் அனிலின் சாயங்களைச் செலுத்தினார். உடலின் உறுப்புகள் யாவும் சாயம் ஏறின. மூளை மட்டும் வெளுத்தே நின்றது. சாய டிரம்மில் தோல் நிறமேறுவதை நாள்தோறும் காணும் நம் பகுதியினருக்கு இதன் வியப்பு எளிதில் விளங்கும். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. கொழுப்பில் கரையும் பொருள்கள் அதைக் கடந்துவிடும். பழைய சளி மாத்திரைகள் அவ்வகையின. உள்ளே போய் அவை எதைத் தடுக்கின்றன? மூளையின் அடிப்பகுதியில் ஹிஸ்டமினை வெளியிடும் நரம்பணுக் கூட்டம் இருப்பதை 1984-இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின. நம்மை விழித்திருக்கச் செய்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மூக்கில் தொல்லை தரும் அதே பொருள் மூளையில் காவலாளி!

இதை அளந்து பார்க்க உதவியது இயற்பியல். ஜப்பானின் செண்டாய் நகரில் கசுஹிகோ யானையும் அவர் குழுவினரும், பாசிட்ரான் உமிழும் கதிரியக்கக் கார்பனைக் கொண்ட பொருளை உடலில் செலுத்தி, எதிர்த் திசைகளில் பாயும் காமாக் கதிர்களைக் கருவியால் பதிவு செய்து, மூளையின் ஹிஸ்டமின் ஏற்பிகளில் எத்தனை அடைபட்டுள்ளன என்று கணக்கிட்டனர். குளோர்பெனிரமின் வழக்கமான அளவிலேயே ஏறத்தாழப் பாதியை அடைத்துவிடுகிறது. பெக்ஸோபெனடின் அநேகமாக ஒன்றையும் அடைப்பதில்லை. நம் கடைகளில் மிகுதியாக விற்கும் செட்ரிசின் இடைப்பட்டது. சிலருக்குத் தூக்கம் தரும்.

"எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆகவே ஓட்டலாம்" என்பவர் பலர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகச் சோதனை இதற்கு விடை தருகிறது. ஒவ்வாமையுள்ள ஓட்டுநர் 40 பேர், வண்டி ஓட்டுவது போன்ற தோற்றம் தரும் கருவியில் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவரும் வெவ்வேறு வாரங்களில் டைபென்ஹைட்ரமின், பெக்ஸோபெனடின், மது, வெற்று மருந்து ஆகிய நான்கையும் உட்கொண்டு, வேகத்தை மாற்றிக்கொண்டே செல்லும் முன் வண்டியைப் பின்தொடர்ந்தனர். 2000-இல் வெளியான முடிவின்படி, முன் வண்டியைத் தொடர்வதில் மது அருந்தியபோதைவிட டைபென்ஹைட்ரமின் உண்டபோதே அவர்கள் மோசமாக ஓட்டினர். பெக்ஸோபெனடின் உண்டவர் வெற்று மருந்து உண்டவரைப் போலவே ஓட்டினர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தமக்கு எவ்வளவு தூக்கக் கலக்கம் என்று அவர்களே கூறியதற்கும் அவர்கள் ஓட்டிய விதத்துக்கும் பொருத்தம் காணவில்லை. மூளை மந்தமாவதை அதே மூளையைக் கொண்டு எப்படி அறிவது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதித்தால் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். பள்ளிகொண்டாவுக்கருகே முன்னால் ஒரு மாட்டு வண்டி போகிறதென்றால் அந்த 8 மீட்டரின் பொருள் விளங்கும். காவலர் ஊதச் சொல்லும் கருவியோ மதுவை மட்டுமே காட்டும்.

இரவில் விழுங்கிவிட்டுக் காலையில் ஓட்டலாமே என்பதும் முழுப் பாதுகாப்பன்று. கதிரியக்கப் பொருளுக்குப் போலவே மருந்துக்கும் அரை ஆயுள் உண்டு. குளோர்பெனிரமினுக்கு அது ஏறத்தாழ 20 மணி. இரவு 10 மணிக்கு உண்டதில் பாதி, மறுநாள் மாலை 6 மணிக்கும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மாற்றுக்கு வந்த மருந்துகளும் எளிதில் வந்துவிடவில்லை. தூக்கம் தராதது என்று 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெர்பெனடின், வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பைக் குலைத்ததால் கைவிடப்பட்டது. அது உடலில் மாறிப் பிறக்கும் பொருளே இன்றைய பெக்ஸோபெனடின். அமெரிக்க விமானிகளுக்கு இதற்கும் லோரடடினுக்கும் இசைவு உண்டு. குளோர்பெனிரமினையோ செட்ரிசினையோ உண்டுவிட்டு அவர்கள் விமானத்தில் ஏறக் கூடாது. பத்து டன் சரக்கோடு வாணியம்பாடியைக் கடப்பவருக்கு மட்டும் இந்த விதி வேண்டாமா என்பது என் கேள்வி.

எனினும் பெக்ஸோபெனடின் ஒவ்வாமைத் தும்மலுக்குத்தான் உதவும். வைரஸ் சளிக்கு அதனால் பெரும் பயன் இராது. சளியோடு ஓட்ட நேர்ந்தால் உடம்பு வலிக்குப் பாரசிட்டமால், மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தல், உப்புநீர்ச் சொட்டு ஆகியவை தூக்கம் தராதவை. மூக்கைத் திறக்கும் மருந்துச் சொட்டைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் கூடும். இருமல் பாகுகளில் கோடின் கலந்தவை தூக்கம் தருவன. கடைக்காரரிடம் "நான் வண்டி ஓட்டுகிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு, மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். ஏனெனில் எச்சரிக்கை வாசகம் அட்டையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கும்போது அது பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது.